ஈரத்துணிக்கு அழியாத கோடு

விற்கப் போகிற வீட்டை என் அத்தான் கண்ணில் காட்டக் கூடாது. இதை நான் எந்தச் சபையிலும் அடித்துச் சொல்வேன். வம்பு என்னவென்றால், அந்த வீடே அத்தானுடையது.

அத்தான் என்றால் என் அக்கா புருஷன். ரயில்வேயில் பெட்டிகளைச் சோதித்து அனுப்புகிற வேலையில் முப்பத்தாறு வருஷம் இருந்து ஓய்வு பெற்றவர். வண்டி வந்து நின்றதும் கையில் ஒரு சுத்தியலும் ஒரு சாக்பீஸுமாகப் பெட்டி பெட்டியாகக் குனிந்து நிமிர்ந்து போவார். சக்கரத்தைத் தட்டுவார், காது கொடுத்துக் கேட்பார், கோளாறு இருக்கிற இடத்தில் குறி போடுவார். வட்டம் போட்டால் சின்னக் கோளாறு. பெருக்கல் குறி போட்டால் வண்டி நகரக் கூடாது. பழுது பார்க்கிறவன் வேலையை முடித்துவிட்டுக் குறியை அழிக்க வேண்டும். குறி உள்ள பெட்டியோடு ஒரு வண்டியைக்கூட அவர் அனுப்பியதில்லை. அதனால் எத்தனை பேர் தாலி கட்டுகிற நேரத்துக்குப் போய்ச் சேராமல் பந்திக்கு மட்டும் போனார்களோ, அது நமக்குத் தெரியாது. ஓய்வு பெற்ற பிறகும் சட்டைப் பையில் சாக்பீஸ் இருக்கும். தெருவில் அவருக்குப் பெயரே சாக்பீஸ்தான். கோபம் வந்தால் அக்காவும் அப்படித்தான் கூப்பிடுவாள்.

அவர்கள் குடியிருந்தது மூன்றாவது மாடியில். லிஃப்ட் கிடையாது. ஐம்பத்து நாலு படி. அக்காவுக்கு இரண்டு முட்டியும் தேய்ந்துபோய், பதினோரு மாதமாக அவள் கீழே இறங்கவில்லை. ஆபரேஷன் இந்த உடம்புக்குத் தாங்காது, படி ஏறி இறங்காமல் சமதரையில் நடந்தாலே போதும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். சொல்வது சுலபம். மூன்றாம் மாடியில் சமதரைக்கு எங்கே போவது?

அக்கா வாயை மூடிக்கொண்டு கிடக்கிற ஜாதி இல்லை. பால்கனியில் நாற்காலி போட்டு உட்கார்ந்து தெருவையே நிர்வாகம் பண்ணினாள். யார் வீட்டுத் தண்ணீர்த் தொட்டி வழிகிறது, யார் வண்டியைக் குறுக்கே விட்டிருக்கிறார்கள், எல்லாம் மேலிருந்தே உத்தரவு போகும். காய்கறிக்காரர் தள்ளுவண்டியை நிறுத்தி அண்ணாந்து பேரம் பேசிப் பேசிக் கழுத்து வலி வந்து பட்டை கட்டிக்கொண்டார். வேடிக்கையாகத்தான் இருக்கும். ஆனால் ஒருநாள் நான் என் ஜெராக்ஸ் கடையை மூடிவிட்டு மத்தியானம் அங்கே போனபோது, மார்க்கெட் பக்கம் புதிதாக ஒரு கடை வந்திருக்கிறதாமே, என்ன கலர் பெயின்ட் அடித்திருக்கிறார்கள் என்று கேட்டாள். நான் கவனிக்கவில்லை என்றேன். "நடந்து போறவனுக்கு எங்க அதெல்லாம் கண்ணுல படும்" என்றாள். அவள் கண் கலங்கிவிட்டது.

அப்போதுதான் இரண்டு கட்டிடம் தள்ளி ஒரு பல் டாக்டர் தன் கீழ்வீட்டை விற்கப் போவதாகச் சேதி வந்தது. வாசலில் படிகூட இல்லை. தெரிந்தவர்கள் என்பதால் மாதக் கடைசிவரை காத்திருக்கிறேன் என்றார். லிஃப்ட் இல்லாத மூன்றாம் மாடியை யார் வாங்குவார்கள்? அதனால் கீழ்வீட்டை வாங்க வேண்டுமானால் வாடகைக்கு விட்டிருக்கிற வீட்டை விற்க வேண்டும். பத்து நிமிஷ நடையில் ஒரு பழைய தரைவீடு. முப்பது வருஷத்துக்கு முன் வாங்கியது. அத்தானும் அக்காவும் ஒருநாள்கூட அதில் இருந்ததில்லை. அதைப் பற்றிப் பேசினால் "வாடகை வீடு" என்பார்கள், அவ்வளவுதான். அத்தான் அதற்குள் போய் ஒன்பது வருஷம் ஆகிறது. வாடகை வாங்குவது, குடியிருக்கிறவர் சொல்கிற குறையைக் கேட்டுக்கொண்டு வருவது, "பார்க்கலாம்னு சொல்றார்" என்று திரும்பப் போய்ச் சொல்வது எல்லாம் நான்தான்.

பேக்கரிக்காரர் ஒருத்தர் வாங்கத் தயாராக இருந்தார். ஒரு கோட் சுண்ணாம்பு அடித்துக் காட்டிவிடலாம் என்று நான் சொன்னேன். நான் சொல்லி இந்தக் குடும்பத்தில் எது நடந்திருக்கிறது? அத்தான் சட்டையை மாட்டினார், பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். "கோளாறோட ஒண்ண அடுத்தவன் கைல குடுத்ததில்ல மாப்ளே. ரெண்டு வாரம். பாத்து முடிச்சுக் குடுத்துடலாம்" என்றார்.

வீட்டில் குடியிருந்தது ஒரு தையல்காரம்மா. நாற்பத்தைந்து வயது இருக்கும். புருஷன் போய்விட்டார், மகன் வெளியூரில் வேலை. முன் ஹாலில் இரண்டு மிதிமெஷின், சுவர் முழுக்க மாட்டித் தொங்கும் துணி. குண்டூசியை உதட்டில் கடித்துக்கொண்டே வேலை செய்கிறவர். அதனால் எதைக் கேட்டாலும் "ம்" என்ற ஒரே பதில்தான் வரும். வீட்டை விற்கப் போகிறோம் என்று அத்தான் சொன்னதற்கும் "ம்" என்றார். பழுது பார்க்கப் போகிறோம் என்றதற்கு மட்டும் நிமிர்ந்து ஒரு பார்வை பார்த்துவிட்டு மறுபடி மிதிக்க ஆரம்பித்தார்.

அத்தான் அன்று காலை ஒன்பது மணிக்கு உள்ளே போனவர் பன்னிரண்டரைக்கு வெளியே வந்தார். சுவரைச் சுத்தியலால் தட்டிக் காது வைத்துக் கேட்டிருக்கிறார். கதவை முப்பது தடவை திறந்து மூடியிருக்கிறார். நாற்பத்தியொரு குறி. வீடு முழுக்க வட்டமும் பெருக்கலுமாகப் பள்ளிக்கூடப் பலகை மாதிரி ஆகிவிட்டது.

கொத்தனாரைப் பிடித்துக்கொண்டு வந்தது நான். நல்ல கைவேலைக்காரர்தான். ஆனால் எந்த வேலையைச் சொன்னாலும் சொல்லி முடிப்பதற்குள் "ஆச்சு சார், ஆச்சு" என்பார். கலவையே குழைத்திருக்க மாட்டார், ஆச்சு என்பார். அதனால் அவருக்கு ஊரில் ஆச்சு என்றே பெயர். ஆச்சுவும் சாக்பீஸும் ஒரே கூரைக்கு அடியில் வேலை செய்தால் என்ன ஆகும் என்று யோசிக்க எனக்கு அப்போது புத்தி இல்லை.

சமையலறைக் குழாயில் ஆரம்பித்தார்கள். சொட்டுகிற குழாய், வாஷர் மாற்றினால் தீர்ந்தது என்று நினைத்தோம். வாஷரைக் கழற்றியதும் குழாய் கையோடு வந்தது. குழாயைத் தேடிச் சுவரை உடைத்தால் உள்ளே பைப் துருப்பிடித்து மண்ணாக இருந்தது. பைப்பைத் தொடர்ந்து போனால் அது குளியலறைச் சுவருக்குள் போனது. அந்தச் சுவரோ தட்டினால் பொதபொதவென்று சத்தம் போட்டது. கிணறு வெட்டப் பூதம் புறப்பட்ட கதைதான். இதற்கு நடுவில் மழை வேறு பிடித்துக்கொண்டது. பூசின பூச்சு காயாமல் மூன்று நாள் பச்சையாகவே நின்றது. தையல்காரம்மா தன் டேபிள் ஃபேனைத் திருப்பிச் சுவருக்கு வைத்தார். தைக்க வந்த துணிகளை பிளாஸ்டிக் பாயில் மூடிவிட்டு, அந்தச் சிமெண்ட் தூசிக்கு நடுவில் உட்கார்ந்து பொத்தான் கட்டினார். நாலு வேளையும் டீ போட்டுக் கொடுத்தார், பேக்கரி பன்னும் வாங்கி வைத்தார். வீட்டை விட்டுக் கிளப்பப் போகிறவர்களுக்கு இப்படி ஒரு உபசாரமா என்று எனக்கே கூச்சமாக இருந்தது.

நாற்பத்தியொரு குறி அடுத்த திங்கட்கிழமை இருபத்தொன்பதாக இறங்கியது. அத்தானுக்குச் சந்தோஷம். வியாழக்கிழமை எண்ணினால் முப்பத்து மூன்று.

அத்தான் குழம்பினார். அன்றைக்கு மேகமூட்டம், சரியாக எண்ணியிருக்க மாட்டேன் என்றார். வெள்ளிக்கிழமை முப்பத்தைந்து. குறி இல்லாத இடத்தில் கோளாறு இல்லை, குறி இருந்தால் அது தான் போட்டதாகத்தான் இருக்கும் என்பது அவருடைய வேதம். அவரைத் தவிர உலகத்தில் வேறு யார் சாக்பீஸோடு அலையப் போகிறார்கள்? குளியலறைக்குள் வெஸ்டர்ன் டாய்லெட் பக்கத்தில் வெறும் சுவரில் ஒரு வட்டம் இருந்தது. ஆணி இல்லை, விரிசல் இல்லை, ஈரம் இல்லை. அத்தான் அதற்கு முன்னால் பத்து நிமிஷம் நின்றார். தட்டினார், கேட்டார், முகர்ந்துகூடப் பார்த்தார். கடைசியில் கண்டுபிடித்துவிட்டார்.

"இந்த இடத்துல ஒரு கைப்பிடி இருந்திருக்கணும் மாப்ளே. அதான் போட்டிருக்கேன். பாரு, எனக்கே மறந்துபோச்சு."

கைப்பிடி வந்தது. இதேபோல் குளியலறை வாசலில் தடுக்கிற மாதிரி இருந்த கல்படிக்கு ஒரு பெருக்கல் குறி. அதை உடைத்துச் சமமாக்க வேண்டியதாயிற்று. சமையலறையில் எட்டாத உயரத்து அலமாரிக்கு ஒரு பெருக்கல், இடுப்பு உயரத்தில் வெறும் சுவரில் ஒரு வட்டம். அலமாரியைக் கழற்றிக் கீழே இறக்கினார்கள். பின்வாசல் படிக்கு ஒரு வட்டம், அங்கே சரிவாக்கினார்கள். கட்டிலிலிருந்து எட்டுகிற மாதிரி ஒரு சுவிட்ச். பேக்கரிக்காரர் இரண்டு முறை வந்து பார்த்தார். இரண்டு முறையும் குளியலறைத் தரை பெயர்ந்து கிடந்தது. வேலை முடிந்ததும் சொல்லி அனுப்புங்கள் என்று ஒரு ரொட்டியை மட்டும் கொடுத்துவிட்டுப் போனார்.

மேலே அக்கா நாள்காட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். தினமும் சாயங்காலம் அத்தான் வந்ததும் எத்தனை என்று கேட்பாள். முப்பத்தைந்து என்றால் ஒன்றும் பேசமாட்டாள். பேசாமல் இருப்பது அக்கா உடம்புக்கு ஆகாது.

இருபத்தாறாம் தேதி குட்டு உடைந்தது. உடைத்தது ஆச்சு. மனுஷன் தெரியாமல் உடைத்தார், அதுதான் விசேஷம். ஜன்னல் ஓரத்தில் ஒரு வட்டத்தைச் சுட்டிக்காட்டி, இன்னும் ஏன் முடியவில்லை என்று அத்தான் கேட்டார். ஆச்சுவுக்கு ஏற்கனவே எரிச்சல்.

"என்ன சார் பண்றது? நீங்க போடற கோடு ஈரத்துணி வச்சு ஒரு இழுப்பு இழுத்தா போயிடும். இது எத்தன தேச்சாலும் போகவே மாட்டேங்குது சார்."

சொல்லி முடித்த பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவருக்கே உறைத்தது. திருடனுக்குத் தேள் கொட்டிய மாதிரி வாயைப் பொத்திக்கொண்டு நின்றார். பாதி வேலையைக் கலவை வைத்துச் செய்தார், மீதியை ஈரத்துணி வைத்துச் செய்திருக்கிறார். அத்தான் முகம் போன போக்கைப் பார்க்க முடியவில்லை. நான்தான் ஜன்னல் ஓரம் போய் அந்த வட்டத்தைப் பார்த்தேன். அத்தான் போடுகிற கோடு விரல் பருமன் இருக்கும். இது நூல் மாதிரி மெல்லிசு. ஒரே சுற்றில், கை நடுங்காமல், அளவெடுத்துப் போட்ட வட்டம். மெழுகு கலந்த சாக், துணியில் குறி வைக்கிறது, தண்ணீருக்கு அசையாது. ஹாலில் மெஷின் சத்தம் நின்றுபோயிருந்தது.

நாங்கள் மூன்று பேரும் ஹாலுக்கு வந்தோம். தையல்காரம்மா உதட்டிலிருந்த குண்டூசிகளை ஒவ்வொன்றாக எடுத்துக் குஷனில் குத்தினார். ஏழு ஊசி.

"நான்தான் சார் போட்டேன்" என்றார். "ஒம்பது வருஷமா சொல்லிட்டிருக்கேன். இந்தத் தம்பி வருவாரு, பாக்கலாம்னு சொல்லிட்டுப் போவாரு. பதினெட்டு வருஷம் மெஷின் மிதிச்சு ரெண்டு முட்டியும் போச்சு. அந்தக் கல்படில மூணு தடவ விழுந்திருக்கேன். இப்ப விக்கறதுக்குன்னு வந்ததும் சுவரத் தட்டித் தட்டிப் பாக்கறீங்க. வாங்கறவங்க எப்படியும் என்னக் காலி பண்ணச் சொல்லுவாங்க. போறதுக்கு முன்னாடி ஒரு வாரமாச்சும் நல்ல வீட்டுல இருந்துட்டுப் போலாம்னு தோணுச்சு. தப்புதான்."

எனக்குத் தரையில் புதைந்துபோகலாமா என்று இருந்தது. அந்தப் 'பாக்கலாம்' எல்லாம் என் வாயிலிருந்து போனது. அதில் பாதியை அத்தானிடம் நான் சொன்னதே இல்லை. ஜெராக்ஸ் மெஷின் முன்னால் நின்றால் எனக்கு எது ஞாபகம் இருக்கிறது? ஆனால் மீதிப் பாதியைச் சொன்னேன். அத்தானுக்கும் அது தெரியும்.

அத்தான் கோபப்படுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் அங்கே கிடந்த ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். என்னிடம், "எவன் ஏறுவான், எவன் எறங்குவான்னே தெரியாது. அவனுக்காகப் பெட்டிக்கு அடில படுத்துப் பாத்தேன். இங்க யாரு இருக்கான்னு தெரியும். உள்ள வந்து பாக்கலையே மாப்ளே" என்றார். பிறகு எழுந்து ஆச்சுவிடம், துணி வைத்து அழித்தது எதெது என்று காட்டச் சொன்னார். அதையும் செய்ய வேண்டும், அந்த அம்மா போட்ட குறியையும் ஒன்று விடாமல் முடிக்க வேண்டும், அதற்குப் பிறகுதான் விற்பனை என்று சொல்லிவிட்டார். மாதம் முடிய நாலு நாள்தான் இருக்கிறது என்று நான் ஞாபகப்படுத்தினேன். தெரியும் என்றார்.

வேலை முடிய ஒன்பது நாள் ஆயிற்று. பல் டாக்டர் ஒன்றாம் தேதியே தன் கீழ்வீட்டை மைத்துனருக்குக் கொடுத்துவிட்டார்.

இந்தச் சேதியை அக்காவிடம் சொல்கிற பொறுப்பு என் தலையில் விழுந்தது. அத்தான் கூடவே வந்தார், ஆனால் செருப்பைக் கழற்றுகிற இடத்திலேயே நின்றுகொண்டார். சாக் கதை முழுவதையும் சொன்னேன். அக்கா கேட்டு முடித்தாள்.

"ஊருக்கெல்லாம் நியாயம் பாத்தாச்சு" என்று அத்தானைப் பார்த்துச் சொன்னாள். "அவளுக்கு முட்டி வலி, சரி. எனக்கு என்ன, கிரீடமா? நான் இந்த மாடியிலயே செத்தா பொணத்தையாவது கீழ எறக்குவீங்களா, இல்ல அதுலயும் ஏதாச்சும் கோளாறு இருக்குன்னு கோடு போட்டு நிறுத்தி வைப்பீங்களா?"

அத்தான் கழற்றின செருப்பை மறுபடி மாட்டிக்கொண்டார். எனக்கு அவளைச் சமாதானப்படுத்தத் தெரியவில்லை. அவள் அழவில்லை, அதுதான் பயமாக இருந்தது. மறுநாள் காலை போன் பண்ணி, நாற்காலியில் தூக்கிக்கொண்டு போக ஆள் கொண்டு வா, அந்தத் தையல்காரியை நான் நேரில் பார்த்து நாலு வார்த்தை கேட்க வேண்டும் என்றாள். பதினோரு மாதமாக எத்தனை தடவை கூப்பிட்டிருப்போம். கோயில் குளம், கல்யாணம் காட்சி எதற்கும் வராதவள், மானம் போகும் நாலு பேர் தூக்கினால் என்றவள், சண்டைக்கு இறங்கி வருகிறேன் என்கிறாள்.

ஆச்சு சாரம் கட்டுகிற கட்டை இரண்டு கொண்டுவந்து நாற்காலியில் கயிறு போட்டு இறுக்கினார். முன்னால் ஆச்சுவும் தெருமுனையில் இஸ்திரி போடுகிறவரும், பின்னால் நானும் அத்தானும். கிளம்புவதற்கு முன் அத்தான் குனிந்து கயிற்றை இழுத்துப் பார்த்தார், கை தன்னால் சட்டைப் பைக்குப் போனது. அக்கா பார்த்த பார்வையில் வெறுங்கையோடு திரும்பி வந்தது. நல்ல சேலை கட்டி, மடியில் கைப்பையும் குடையும் வைத்து உட்கார்ந்திருந்தாள். ஒவ்வொரு படிக்கும் ஆச்சு "ஆச்சும்மா, ஆச்சு" என்றார். இன்னும் ஐம்பது படி இருந்தது. இரண்டாவது மாடியில் கதவைத் திறந்த அம்மாவை அக்கா பதினோரு மாதம் கழித்துப் பார்க்கிறாள். அந்த அம்மாவுக்கு ஏற முடியாது, இவளுக்கு இறங்க முடியாது, முகம் பார்க்க வழியில்லை. இரண்டு பேரும் கையைப் பிடித்துக்கொண்டு சம்பந்தி ஊர்ச் சமாசாரம்வரை பேசினார்கள். நாங்கள் நாற்காலியைத் தோளில் வைத்துக்கொண்டு பேச்சு முடிகிறவரை நின்றோம். இஸ்திரிக்காரர் மட்டும், தன் வண்டியில் இஸ்திரிப் பெட்டி காய்கிறது என்று இரண்டு தடவை சொல்லிப் பார்த்தார்.

கீழே தெருவே கூடியிருந்தது. காய்கறிக்காரர் கழுத்துப் பட்டையோடு முன்னால் வந்து நின்றார்.

"அம்மா, நீங்க இவ்ளோ குள்ளமா?" என்றார்.

"நீ இவ்ளோ வழுக்கைன்னு எனக்கு மேல இருந்தே தெரியும்" என்றாள் அக்கா.

பேக்கரிக்காரர் ரொட்டி வேனைக் கொண்டுவந்து நிறுத்தினார். உதவி செய்கிற சாக்கில் சண்டையையும் பார்த்துவிடலாம் என்று அவருக்கு ஆசை. நாற்காலியை அப்படியே பின்னால் ஏற்றி, ரொட்டித் தட்டுகளுக்கு நடுவில் அக்காவை வைத்துக் கொண்டுபோனோம்.

தையல்காரம்மா வாசலில் நின்றார். உதட்டில் குண்டூசி. அக்காவை ஹால் நடுவில் இறக்கினோம். இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் மேலும் கீழும் பார்த்தார்கள். அக்கா நாலு வார்த்தைக்கு வாயைத் திறந்தாள்.

"மொதல்ல பாத்ரூம் எங்க இருக்கு?"

நாற்பது நிமிஷம் படியில், அதற்கு மேல் வேனில் குலுக்கல். வயதான உடம்பு என்ன செய்யும். தையல்காரம்மா கை காட்டினார். அத்தான் தாங்கிப் பிடிக்கப் போனார், அக்கா கையை உதறினாள். சுவரைப் பிடித்துப் பிடித்துத் தானே நடந்தாள். சுவரில் பிடித்த இடமெல்லாம் கெட்டியாக இருந்தது. வாசலில் தடுக்கவில்லை. கதவு சத்தமில்லாமல் மூடியது.

ஐந்து நிமிஷம் ஆயிற்று. பத்து நிமிஷம் ஆயிற்று. அத்தான் கதவுக்கு வெளியே நின்று இரண்டு தடவை கூப்பிட்டார். பதில் இல்லை. உள்தாழ்ப்பாளும் குறி போட்ட இடங்களில் ஒன்று என்பது எல்லோருக்கும் ஒரே சமயத்தில் ஞாபகம் வந்து, எல்லோரும் ஆச்சுவைத் திரும்பிப் பார்த்தோம். "அது நெசமாவே பண்ணேன் சார்" என்றார் ஆச்சு, சின்னக் குரலில்.

அக்கா வெளியே வந்தாள். முகம் கழுவியிருந்தாள். அழுதிருக்கிறாள் என்று எனக்குத் தெரிந்தது, கூடப் பிறந்தவனுக்குத் தெரியாதா.

"அந்தக் கைப்பிடி யாரு வைக்கச் சொன்னது?" என்று கேட்டாள்.

தையல்காரம்மா ஊசியை எடுத்தார். "நான்தான்மா. கோடு போட்டது நான்தான்."

"வாசல்ல கல் இருந்துச்சாமே?"

"அதையும் நான்தான் எடுக்க வச்சேன்."

அக்கா திரும்பி அந்தக் கதவைப் பார்த்தாள். "பதினோரு மாசமா உக்காந்து எந்திரிக்க இவரு கை வேணும் எனக்கு. கதவத் தொறந்து வச்சுக்கிட்டு, வாங்கன்னு கூப்பிட்டு... இன்னிக்குத்தான் யாரையும் கூப்பிடல."

ஹாலில் பேக்கரிக்காரர்கூட தலையைக் குனிந்துகொண்டார். அக்கா மெதுவாக அத்தான் பக்கம் திரும்பினாள். நிஜமான கோபம் அப்போதுதான் வந்தது.

"ஏங்க, கீழ்வீடு வேணும், கீழ்வீடு வேணும்னு தெருத்தெருவா தேடினீங்களே. இது என்ன மொட்டை மாடிலயா இருக்கு?"

"இது வாடகை வீடும்மா" என்றார் அத்தான்.

சொன்ன பிறகு அவருக்கே கேட்டது. எனக்கும் கேட்டது. முப்பது வருஷமாகச் சொந்தமாக ஒரு தரைவீடு. மாதா மாதம் நான் நடந்துபோய் வந்த வீடு. அதில் நாமே இருக்கலாம் என்று எங்கள் மூன்று பேரில் ஒருத்தருக்குக்கூட மண்டையில் ஏறவில்லை. விரிசல் விட்ட வீடு, ஒழுகுகிற வீடு, கல் தடுக்குகிற வீடு. வாடகைக்கு இருக்கிறவர்களுக்குப் போதும் என்று விட்டது, நமக்கு வேண்டும் என்று எப்படித் தோன்றும்? எனக்கு வெட்கமாக இருந்தது. இப்போது எழுதும்போதும் இருக்கிறது.

"அப்ப நான்?" என்றார் தையல்காரம்மா.

அக்கா அவரை உட்காரச் சொன்னாள். இரண்டு பேரும் முட்டியைப் பிடித்துக்கொண்டு ஒரே மாதிரி முனகி உட்கார்ந்தார்கள். பேச்சு இரண்டு மணி நேரம் நடந்தது. எங்களை வெளியே போகச் சொல்லிவிட்டார்கள், ஜன்னல் வழியாகத்தான் கேட்டோம். முன் ஹாலும் சின்ன அறையும் தையல்காரம்மாவுக்கு, வாடகை பாதி. பின் அறைகள் அக்காவுக்கு. சமையலறை பொது. காலை ஆறிலிருந்து ஆறரைவரை குளியலறை தையல்காரம்மாவுடையது, அதில் மாற்றமே இல்லை. தையலுக்கு வருகிறவர்களிடம் அக்கா வாயைக் கொடுக்கக் கூடாது என்று அவர் ஒரு நிபந்தனை போட்டார். அக்கா அதை மட்டும் ஒப்புக்கொள்ளவில்லை. எழுதி வாங்குவோமா என்று தையல்காரம்மா கேட்டார். கேட்க வேண்டியதுதானே, ஒன்பது வருஷம் வாய்வார்த்தையை நம்பி இருந்தவர். அத்தான் உள்ளே போய் உட்கார்ந்து தன் கையாலேயே எழுதிக் கொடுத்தார்.

பேக்கரிக்காரர் கடைசியில் மூன்றாம் மாடி வீட்டையே எடுத்துக்கொண்டார். படி ஏறினால் தொந்தி குறையும் என்று அவருக்கு யாரோ சொல்லியிருக்கிறார்கள். ஆனால் அது பிற்பாடு. அன்று சாயங்காலம் நாங்கள் நாலு பேரும் கட்டையைத் தோளில் வைத்துத் தயாராக நின்றபோது அக்கா, நான் மேலே வரவில்லை என்று சொல்லிவிட்டாள். தலையணையையும் மாத்திரையையும் கொண்டுவந்து கொடுத்தால் போதும் என்றாள்.

மறுநாள் காலை எட்டு மணிக்கு ஒரு பையில் அவள் துணிமணியைக் கொண்டுபோனேன். மழை விட்டுப் பளிச்சென்று வெயில். அத்தான் வாசலில் டீ குடித்துக்கொண்டிருந்தார். அக்கா குடையை ஊன்றிக்கொண்டு வெளியே வந்தாள், நின்றாள், தன் காலைப் பார்த்தாள். செருப்பு இல்லை. பதினோரு மாதமாகத் தேவைப்படாத செருப்பு எங்கே போயிற்றோ, நான் கொண்டுவந்த பையிலும் இல்லை. ஹாலில் மெஷின் நின்றது. தையல்காரம்மா எழுந்து வந்து தன் செருப்பைக் காலால் தள்ளி அக்கா முன்னால் விட்டார். ஒரு விரற்கடை பெரிசு. அக்கா மாட்டிக்கொண்டு கேட்டைத் திறந்தாள்.

அத்தான் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு எழுந்தார். எங்கே போகிறாய் என்று கேட்டார். சும்மாதான் என்றாள். நானும் வருகிறேன் என்றார். வேண்டாம், டீயைக் குடியுங்கள் என்றாள்.

"சரி, எப்ப வருவே?" என்றார் அத்தான்.

அக்கா நின்று திரும்பிப் பார்த்தாள். பதினோரு மாதமாக அந்த மாடியிலிருந்து இறங்கிப் போகிற ஒவ்வொருவரிடமும், அத்தானிடம், என்னிடம், கேஸ் சிலிண்டர் போடுகிறவரிடம்கூட, அவள் கேட்டுக்கொண்டிருந்தது அதைத்தான்.

"வர்றப்ப வருவேன்" என்றாள். ஒரு காலை வைத்து, மறு காலை அதன் பக்கத்தில் சேர்த்து, பெரிய செருப்பு தரையில் தேய்ந்து சத்தம் போட, தெருவில் இறங்கி நடந்தாள்.